எல்லாம் ஒரே மாதிரி

ரொஷான் டில்ஷானியின் கால்களை ஒருநாளும் அடித்ததில்லை. அடி முழுவதும் முதுகுக்கும் தோளுக்கும்தான். ஸ்கிப்பிங் கயிற்றை இரண்டாக மடித்து, அதன் பிடிகள் இரண்டையும் உள்ளங்கைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொள்வான். ஓடுகிறவளுக்குக் கால் வேண்டும் என்பதில் அவன் மிகக் கவனம். அந்தக் கவனத்துக்கு அன்பு என்று அவனே ஒரு பெயரும் வைத்திருந்தான். கல்யாணமான புதிதில் டில்ஷானியும் அதை நம்பினாள்.

கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குப் பின்னால் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில் ஓர் அறையில் அவர்கள் இருந்தார்கள். கீழ் வீட்டில் புளோறன்ஸ் அக்கா. மேலே அடி தொடங்கினால் புளோறன்ஸ் அக்கா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். அதனால் ஒழுங்கையில் இருந்தவர்களுக்கு எப்போது அடி விழுகிறது என்பது பாட்டுச் சத்தத்தைக் கொண்டே தெரியும். ஒருவரும் கேட்கப் போனதில்லை. அவனுடைய பெண்சாதி, அவன் பயிற்றுவிக்கிறான் என்று விட்டுவிட்டார்கள்.

ரொஷானும் ஒரு காலத்தில் ஓட்டக்காரன்தான். ஐயாயிரம் மீற்றர் ஓடுவான். பெரிய போட்டி ஒன்றில் முழங்கால் பிசகிப் பாதியில் விழுந்தான். எழும்பி நொண்டிக்கொண்டு போனவனைப் பார்த்து அரங்கில் கொஞ்சப் பேர் சிரித்தார்கள். இப்போது அவன் துறைமுகத்தில் கொள்கலன் கணக்கெழுதும் கிளாக். விடியற்காலையில் டில்ஷானி மட்டக்குளிப் பக்கமாக ஓடும்போது ஸ்கூட்டரில் பின்னால் வருவான். அவள் வேகம் குறைந்தால் ஹோன் அடிப்பான். அதற்கும் குறைந்தால் வீட்டுக்கு வந்த பிறகு கயிறு.

அந்த வருடம் துறைமுக மகளிர் அணிக்கு ஒரு நெடுந்தூர ஓட்டக்காரி தேவைப்பட்டாள். நிரந்தர வேலையோடு சேர்ந்த இடம். முந்தைய வருடம் எடுத்த பெண் ஒரே ஒரு போட்டியில் பிய்த்துக்கொண்டு ஓடியவள். அதன் பிறகு ஒருநாளும் அப்படி ஓடவில்லை. அணிப் பொறுப்பாளர் வலன்ரைன் அதில் நன்றாகச் சூடுபட்டிருந்தார். ஆகவே இம்முறை நான்கு பேரைத் தெரிந்தெடுத்து, வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இருந்த ஒரு விளையாட்டு மருத்துவ நிலையத்துக்கு அளவெடுக்க அனுப்பினார். அவருக்கு வேகத்தோடு நம்பிக்கையும் வேண்டியிருந்தது. மூன்று தடவை ஓடவிட்டால் மூன்று தடவையும் யார் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஓடி முடிக்கிறாளோ, அவள்தான் ஆள்.

அந்த இடத்தோடு ஒரு கட்டிலும் கிடைக்கும் என்பதை டில்ஷானிக்குச் சொன்னவள் ருஷ்தா. தெஹிவளைக்காரி; நான்கு பேரில் அவளும் ஒருத்தி. பம்பலப்பிட்டியில் பெண்கள் விடுதி இருக்கிறதாம், ஆண்கள் கேற்றைத் தாண்ட முடியாதாம். கல்யாணமானவர்களையும் எடுப்பார்களா என்று டில்ஷானி சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

ருஷ்தா சப்பாத்து நாடாவைக் கட்டியபடியே சிரித்தாள். "அங்க பாதிப் பேர் புருஷன்மாரிட்ட இருந்து ஓடி வந்தவங்கதான். ஓடத் தெரிஞ்சவங்களுக்குத்தானே அந்த இடம்."

டில்ஷானியும் சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் கட்டிலைத் தவிர வேறு நினைப்பில்லை. இதை அவள் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை.

நிலையத்தில் முதல் ஓட்டம் வைத்த அன்று, காலைப் பயிற்சியில் அவள் மெதுவாக ஓடிவிட்டாள் என்று ரொஷானுக்குக் கோபம். பாணும் பருப்பும் சாப்பிட்டு முடித்த கையோடு கயிற்றை எடுத்தான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். கயிறு முதுகில் விழும்போது முதலில் சத்தம்தான் வரும். எரிவு கொஞ்சம் பிந்தித்தான் வரும். அந்த இடைவெளிக்குள் அடுத்ததும் விழுந்துவிடும். கீழே ரேடியோவில் யாரோ ஒருத்தி உச்சக் குரலில் பாடிக்கொண்டிருந்தாள். கை ஓய்ந்த பிறகு அவனே முதுகில் ஈரத் துணி போட்டான்; பின்னேரம் ஸ்கூட்டரில் வெள்ளவத்தைக்கும் கொண்டுபோய் விட்டான்.

நிலையத்தில் அளவெடுப்பவள் பஹ்மா, முப்பது வயது மதிக்கத்தக்க விரிவுரையாளர். தலையில் வெள்ளைத் துணி, காலில் பழைய ஓட்டச் சப்பாத்து. கணவன்மார் உள்ளே வர முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் விளக்கம் சொல்லும்போது ரொஷானும் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

"மூணு நாளும் எல்லாம் ஒரே மாதிரி ஈக்கணும்," என்றாள் பஹ்மா. "அதே சாப்பாடு, அதே தூக்கம், அதே சப்பாத்து. காலைல என்ன செஞ்சீங்களோ அதையே மத்த ரெண்டு நாளும் செய்ங்க. ஒண்டு மாறினாலும் ஓட்டம் மாறும். பிறகு எதால மாறினதெண்டு எங்களுக்குத் தெரியாமப் போகும்."

ரொஷான் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையாட்டினான்.

உள்ளே ஓர் ஓட்டப் பட்டி இயந்திரம். வேகமும் நேரமும் காட்டும் இடத்தைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். கூட்ட ஒரு பொத்தான், குறைக்க ஒரு பொத்தான். சுவரில் மணிக்கூடு இல்லை. ஐந்து கிலோமீற்றரை முடிந்த மட்டும் விரைவாக ஓட வேண்டும். ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பஹ்மா ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவாள். அதைத் தவிர ஒரு சொல்கூடப் பேச மாட்டாள். 'ஓடு' என்று உற்சாகப்படுத்தினாலும் அளவு கெட்டுவிடுமாம். நேரத்தையும் கடைசி வரைக்கும் சொல்லமாட்டாளாம்.

நெஞ்சில் இதயத்துடிப்பை அளக்கும் பெல்ட்டைத் திரைக்குப் பின்னால் நின்று டில்ஷானியே கட்டிக்கொண்டாள். பட்டி நகரத் தொடங்கியது. அந்த அமைதி அவளைத் தூக்கிப் போட்டது. பின்னால் ஸ்கூட்டர் இல்லை, ஹோன் இல்லை, ஏச்சு இல்லை. எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை காலமும் அதை வேறொருவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போதுதான் வியர்வை முதுகுக்கு இறங்கிற்று. உப்பு பட்டதும் காலையில் விழுந்த அடிகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. வேகத்தைக் கூட்டினால் எரிவு கூடியது, குறைத்தால் குறைந்தது. பல்லைக் கடித்துத் தாங்கக்கூடிய ஒரு மட்டத்தில் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் ஓடினாள். எரிவுதான் அன்று அவளுக்கு மணிக்கூடு.

கீழே வந்ததும் எத்தனை நிமிடம் என்று ரொஷான் கேட்டான். தெரியாது என்றாள். மறைக்கிறாள் என்று நினைத்து, காலி வீதி வாகன நெரிசலுக்குள் ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே பின்னால் கையை நீட்டி அவள் தொடையைக் கிள்ளித் திருகினான். பிறகு, கால் என்பது நினைவு வந்ததும் விட்டுவிட்டான்.

ஒரு கிழமை கழித்து இரண்டாவது ஓட்டம். அன்று காலை அவள் நன்றாகத்தான் ஓடினாள். ஹோன் ஒருதரமும் அடிக்கவில்லை. அதே பாண், அதே பருப்பு, சீனி குறைந்த அதே தேத்தண்ணி. சாப்பிட்டு முடிந்ததும் ரொஷான் கதவைச் சாத்திவிட்டுக் கயிற்றை எடுத்தான். முகத்தில் கோபமே இல்லை.

"நான் இண்டைக்கு என்ன செஞ்சனான்?" என்று கேட்டாள் டில்ஷானி.

"நீ ஒண்டும் செய்யல்ல. போன முறை அடிச்சனான்தானே. மிஸ் என்ன சொன்னவ? காலைல செஞ்சது எல்லாம் அப்படியே இருக்கோணும். மேசையப் பிடி."

அவன் விளையாடுகிறானோ என்று அவள் பார்த்தாள். விளையாடவில்லை. உண்மையிலேயே ஒரு வேலையைச் சரியாகச் செய்யப்போகிறவனுடைய முகம் அது. முந்தைய தடவை தோளில் எத்தனை, நடுமுதுகில் எத்தனை என்று அவளையே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். கோபத்தில் விழும் அடி அங்கும் இங்கும் சிதறும். சிலது படாமலே போய்விடும். இது சிதறவில்லை. ஒன்றின் மேல் ஒன்று, ஒரே கனத்தில் விழுந்தது. நடுவில் அவள் முழங்கால் மடங்கிக் கீழே சரிந்தாள். போன முறை விழவில்லையே என்று சொல்லி, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, மிச்சத்தை அடித்தான். முடிந்ததும் அதே ஈரத் துணி.

பின்னேரம் வியர்வை இறங்கியது. எரிவு வந்தது. அவள் அதே மட்டத்தைத் தேடிப் பிடித்து ஓடினாள்.

மூன்றாவது ஓட்டத்துக்கு முதல்நாள் மாலை வலன்ரைன் ரொஷானைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாராம். உன் பெண்சாதி மனுஷியா, மெஷினா என்று கேட்டாராம். இரண்டு ஓட்டத்துக்கும் இரண்டு செக்கன் வித்தியாசம்கூட இல்லையாம். மற்ற மூவரும் கிட்டவும் இல்லையாம். நாளைக்கும் அப்படியே ஓடினால் இடம் அவளுக்குத்தான். நாளைக்கே பெயரை அனுப்புகிறாராம். ரொஷான் அறைக்குள் இதைச் சொல்லிச் சொல்லி நடந்தான். தன் ஓட்டம்தான் கடைசியில் வென்றுவிட்டது போல அவன் கண் கலங்கியது.

விடிந்தபோதும் அந்தச் சந்தோஷம் அவனை விட்டுப் போகவில்லை. பாணும் பருப்பும் தானே எடுத்து வைத்தான். சாப்பிட்டு முடிந்தது. கயிறு ஆணியிலேயே தொங்கியது. ரொஷான் கட்டிலில் சாய்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு உனக்கு ஓய்வு, பின்னேரம் போய்ச் சும்மா ஓடிவிட்டு வா என்றான்.

டில்ஷானி ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். அடி விழாமல் போன நாட்கள் முன்பும் இருந்தன. அப்போதெல்லாம் மாதாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். இன்றைக்குப் பயம்தான் வந்தது. முதுகு ஆறிப்போய்ச் சும்மா கிடந்தது. எரிவில்லாமல் அந்த அமைதிக்குள் போய் எதைப் பிடித்துக்கொண்டு ஓடுவது? வேகம் தப்பும். இடம் போகும். கட்டில் போகும். பிறகு இந்த அறையில், இந்தக் கயிற்றோடு எத்தனை வருடம்? அந்தச் சமயத்தில் ரொஷானின் கணக்கு அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள். "நீ ஏன் என்ர ஓட்டத்துக்கு அழுகிறாய்? உனக்குத்தான் ஒண்டையும் முடிக்க ஏலாமப் போச்சே. ஊரே சிரிக்க நொண்டிக்கொண்டு வந்தவன்தானே நீ."

கட்டில் கிறீச்சிட்டது. அவள் கையைத் துடைத்துவிட்டு, தானாகவே போய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அடி விழுந்தது. கீழே ரேடியோ ஏறியது. டில்ஷானி கண்ணை மூடி, தேத்தண்ணிக்குச் சீனி பார்க்கிறவள் போல எரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் போதும். நடுவில் இன்னும் கொஞ்சம். இடப்பக்கம் குறைவு. இப்போது சரி, போன முறை அளவுக்கு வந்துவிட்டது.

"போதும்," என்றாள்.

கயிறு பாதியில் நின்றது. அந்தச் சொல்லை அவன் அவள் வாயிலிருந்து கேட்டதே இல்லை. ஐயோ என்பாள், மாதாவே என்பாள், விடு என்பாள். இந்தப் 'போதும்' அப்படியில்லை. கடைக்காரனுக்குச் சொல்வது போல இருந்தது. ரொஷான் அவளைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் அழுகை இல்லை. தன்னைக் கொண்டு அவள் ஒரு வேலை செய்வித்திருக்கிறாள் என்பது அவனுக்கு விளங்கியது.

அதன் பிறகு அவன் கயிற்றைத் தேடவில்லை. முஷ்டியால் வாயில் குத்தினான். உதடு பல்லில் கிழிந்து சூடாக ஒழுகியது. தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து நெற்றியைச் சுவரில் மோதினான், ஒருதரம், இன்னொருதரம். விழுந்தவளின் விலாவில் மிதித்தான். பிறகு, ஒருநாளும் இல்லாதபடி, அவளுடைய வலது காலைப் பிடித்து இழுத்து, கட்டில் சட்டத்துக்கு மேல் வைத்து, முறிக்கப் பார்க்கிறவன் போலக் கணுக்காலில் தன் பாரத்தைப் போட்டான்.

"ஓடடி," என்றான். "இனி ஓடு பாப்பம்."

டில்ஷானியின் கை கட்டிலுக்குக் கீழே துழாவியது. முழங்காலுக்குப் பலம் ஏற்ற அவன் வாங்கி வைத்து, தொடாமலே விட்ட இரும்பு டம்பெல் விரல்களுக்குள் வந்தது. படுத்த இடத்திலிருந்தே அதை வீசினாள். அவனுடைய கெட்ட முழங்காலில் அது இறங்கியது. பச்சை முருங்கைக் கொப்பு முறிவது போல ஒரு சத்தம். அவன் வாய் திறந்தது. முதலில் குரலே வரவில்லை. அவன் சரியும்போதே அவள் எழும்பி நின்று, அதே இடத்தில் இரண்டாவது தரமும் போட்டாள். முதலாவது பயத்தில் விழுந்தது. இரண்டாவது அப்படியில்லை; அது அவளுக்கும் தெரியும்.

ரேடியோ திடீரென நின்றது. சப்பாத்துப் பையை எடுத்துக்கொண்டு அவள் இறங்கிவந்தபோது, படிக்குக் கீழே புளோறன்ஸ் அக்கா நின்றாள். மேலே ரொஷான் ஊளையிடும் சத்தம் கேட்டது. புளோறன்ஸ் அக்கா அவளுடைய வாயையும் நெற்றியையும் பார்த்தாள். தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவள் கையில் வைத்து, பின்பக்கத்தால் போ பிள்ளை என்று மட்டும் சொன்னாள்.

டில்ஷானி தேவாலயத்தில் கடைசி வாங்குப் பலகையில் மத்தியானம் வரைக்கும் இருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது, முறியவில்லை. பிறகு பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனாள். பஸ்ஸில் ஒரு கிழவர் எழும்பி இடம் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொப்பியை இறக்கிப் போட்டுக்கொண்டு வந்தவளைப் பஹ்மா தடுத்தாள். பஸ் படியில் விழுந்துவிட்டேன், ஓட முடியும் என்றாள் டில்ஷானி. இன்றைக்கே பெயர் போக வேண்டும் என்றாள். பஹ்மா முந்தைய இரண்டு ஓட்டங்களின் நேரத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு திரையைக் காட்டினாள்.

பட்டி நகர்ந்தது. வியர்வை இறங்கியது. எரிவும் வந்தது, ஆனால் அதை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. உதடு வலித்தது, விலா குத்தியது, கணுக்கால் ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. இத்தனை குரலுக்கு நடுவில் முதுகின் குரல் கேட்கவில்லை. முழங்கால் முறிந்த சத்தம் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. அவள் பொத்தானை அழுத்தி அழுத்தி வேகத்தைக் கூட்டினாள். பின்னால் யாரோ ஒருவன் வருவது போல முதல் இரண்டு அட்டைகளையும் பறந்து கடந்தாள். மூன்றாவது அட்டையில் மூச்சு அறுந்தது. நான்காவதில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஐந்தாவது அட்டை உயர்ந்ததும் பட்டியிலிருந்து இறங்கி, வாளிக்குள் பாணும் பருப்பும் இரத்தமுமாக வாந்தி எடுத்தாள்.

நேரத்தைக் கேட்கவே தேவையிருக்கவில்லை.

டில்ஷானியால் கையை உயர்த்த முடியாததால், நெஞ்சுப் பெல்ட்டைக் கழற்றப் பஹ்மா வந்தாள். பின்னால் டி-சேர்ட்டைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். புதிதாகச் சிவந்த கோடுகளுக்குக் கீழே ஊதாக் கோடுகள். அதற்கும் கீழே மஞ்சளாய், பச்சையாய், ஆறிப்போனவை.

அப்போது மேசையில் இருந்த நிலையத்தின் கைபேசி அடித்தது. பஹ்மா எடுத்துக் கேட்டாள். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் ரொஷானின் குரல் டில்ஷானிக்கும் கேட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். மாடிப்படியில் விழுந்து முழங்கால் முறிந்துவிட்டதாம். குரல் பணிவாக இருந்தது.

"இண்டைய ஓட்டத்த எடுக்க வேணாம் மிஸ். அடுத்த கிழமை இன்னொருக்கா வைங்க. நான் எல்லாத்தையும் அதே மாதிரிச் செஞ்சு அனுப்பிவிடுறன். போன ரெண்டு தரமும் சரியாத்தானே செஞ்சனான்?"

பஹ்மா கைபேசியை வைத்தாள். அவளுடைய விரல்கள் டில்ஷானியின் முதுகில் ஒரு பழைய கோட்டைத் தொட்டன, உடனே விலகின. எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று வாசலில் சொன்ன வாயை அவள் ஒரு கையால் பொத்திக்கொண்டாள்.

பிறகு முன்னால் வந்து இருந்து, மெதுவாக விளங்கப்படுத்தினாள். காயத்தோடு ஓடிய ஓட்டம் கணக்கில் வராது. மூன்றில் ஒன்று அப்படிப் போனால், மற்ற இரண்டையும் வைத்து முடிவு அனுப்பலாம். அதற்கு விதியில் இடமிருக்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேல் அப்படிப் போனால் ஆளையே நீக்கிவிட வேண்டும். அல்லது, அவன் சொன்னது போல, அடுத்த கிழமை திரும்ப ஓடலாம்.

"நான் கேக்கத்தான் வேணும்," என்றாள் பஹ்மா. "முந்தின ரெண்டு நாளும் ஒங்களுக்குக் காயம் இருந்திச்சா? உண்மையச் செல்லுங்க."

டில்ஷானி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம் என்று சொன்னால், அவன் செய்தது முழுவதும் முதல்முறையாக ஒரு மனிதரின் காதில் விழும். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது, விழுந்தவளைத் தூக்கி நிறுத்தி மிச்சத்தை அடித்தது, எல்லாம். அதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நெஞ்சு முட்டியது. சொன்னால் கட்டில் ருஷ்தாவுக்கு, இல்லாவிட்டால் வேறொருத்திக்கு. சொல்லாவிட்டால் அந்த இரண்டு காலைகளும் நடக்கவே இல்லை என்று அவளே எழுதிக் கொடுத்தது போல ஆகும்.

"இல்லை மிஸ்," என்றாள். கிழிந்த உதட்டில் சொல் வழுக்கியது. "அந்த ரெண்டு நாளும் ஒண்டுமில்லை. இண்டைக்கு மட்டும்தான்."

பஹ்மா அவளுடைய கண்ணை நேராகப் பார்த்தாள். "டில்ஷானி, நான் ஒங்கட முதுகப் பாத்தேன்."

"தெரியும் மிஸ். அந்த ரெண்டையும் அனுப்புங்க."

கடல் பக்கமாக ஒரு ரயில் போனது. யன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் அதிர்ந்தது. அது அடங்கியதும் பஹ்மா கணினியைத் தன் பக்கம் இழுத்து, முந்தைய இரண்டு ஓட்டங்களையும் தட்டத் தொடங்கினாள். பிழையாகத் தட்டியதை அழித்துத் திரும்பத் தட்டினாள். அனுப்பி முடிந்ததும், இன்றைக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டாள். தெஹிவளைக்கு, ருஷ்தா வீட்டுக்கு என்றாள் டில்ஷானி. ருஷ்தாவிடம் அவள் இன்னும் கேட்கவில்லை. அணியில் அந்த இடம் ருஷ்தாவுக்கும்தான் தேவைப்பட்டிருந்தது.

கைபேசி திரும்பவும் அடித்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அது அடித்து ஓயட்டும் என்று பஹ்மா விட்டுவிட்டு, அலுமாரியைத் திறந்து மருந்தையும் பஞ்சையும் எடுத்துவந்தாள். டில்ஷானி சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தாள். பஹ்மா புதிய காயங்களைத் துடைத்து மருந்து பூசினாள். அவை முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. ஆறிப்போன கோடுகளையும் ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் பூசினாள்.